கேமன் தீவுகளில் ட்ரேட்மார்க்: பதிவு சுலபம், கவனம் வேண்டியது ஜனவரியில்

கேமன் தீவுகளில் ட்ரேட்மார்க் (வணிகச் சின்னம்) எடுப்பது எப்படி, அங்கே அந்த வேலையை நமக்காகப் பார்க்கும் ஏஜெண்டின் சேவை எப்படி என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிதி நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் இந்த வேலையைப் பார்ப்பவன் நான். அங்கே எங்கள் பெயர்களைப் பதிவு செய்தது, வருடா வருடம் கட்டணம் கட்டிக் காப்பாற்றுவது, நடுவில் ஏஜெண்டை மாற்றியது எல்லாம் என் கை வழியாகத்தான் போயிற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதிவுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பராமரிப்பு நன்றாக நடக்குமா என்பது முழுக்க முழுக்க நீங்கள் பிடிக்கும் ஏஜெண்டைப் பொறுத்தது, அதனால் ஏஜெண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

அவ்வளவு சின்னத் தீவில் ட்ரேட்மார்க் எதற்கு என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்றே தீவுகள், எண்பதாயிரம் சொச்சம் மக்கள். ஆனால் அங்கே பதிவான கம்பெனிகள் ஒரு லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி முதலீடு, நிதி சம்பந்தப்பட்டவை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே மாதிரிப் பெயர்கள் மோதிக்கொள்வது சகஜம். அங்கே ஏற்கெனவே கம்பெனி பதிவு செய்திருக்கிறோமே, அந்தப் பெயர் நமக்குத்தானே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை. கம்பெனிப் பெயர் பதிவு வேறு, ட்ரேட்மார்க் வேறு. முன்னது இருந்தால் பின்னது தானாக வந்துவிடாது.

அடுத்து, பிரிட்டனில் பதிவு இருக்கிறது, கேமன் பிரிட்டனின் ஆட்சிப்பகுதிதானே, அது போதாதா என்ற கேள்வி வரும். போதாது. பழைய முறையில் பிரிட்டன் பதிவையோ ஐரோப்பிய ஒன்றியப் பதிவையோ முதலில் எடுத்து, பிறகு அதைக் கேமனுக்கு நீட்டிக்க வேண்டும். நேரடியாக அங்கே விண்ணப்பிக்க வழியே கிடையாது. பிரிட்டனில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத சின்னக் கம்பெனி, கேமனுக்காக அங்கே போய்ச் செலவு செய்துவிட்டு வர வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் ட்ரேட்மார்க் சட்டம் 2017 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் அந்த நீட்டிப்பு முறை போய்விட்டது. இப்போது கேமனுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது, விண்ணப்பம் நேரே அங்கேயே போகிறது. சின்னக் கம்பெனிகளுக்கு இது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

பிரிட்டனோடு சேர்ந்த தீவுகள் பல உண்டு, இதில் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு விதி என்பதையும் மனதில் வையுங்கள். மேன் தீவுக்கு பிரிட்டன் பதிவே செல்லும். ஜெர்சியில் பிரிட்டன் பதிவைக் காட்டித்தான் மறுபதிவு வாங்க வேண்டும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் 2015லேயே புதிய சட்டத்துக்கு மாறிவிட்டன. மேட்ரிட் என்ற சர்வதேசப் பதிவு முறை வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளை முடிக்கலாம் என்று திட்டம் போடுபவர்களே, கேமன் அந்தப் பட்டியலில் இல்லை. தனியாகத்தான் போட வேண்டும்.

சரி, பதிவுக்கு வருவோம். வெளிநாட்டில் இருக்கும் நாம் நேரே விண்ணப்பிக்க முடியாது, பதிவகத்தில் ஏஜெண்டாகப் பதிவு பெற்ற உள்ளூர்க்காரர் மூலமாகத்தான் போக வேண்டும். வேலையைப் பார்ப்பது கேமன் தீவுகள் அறிவுசார் சொத்து அலுவலகம். பரிசோதனை முடிந்ததும் சின்னம் அவர்களுடைய அரசிதழில் வெளியாகும், அதிலிருந்து 60 நாள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யாரும் வரவில்லை என்றால் பதிவு. எங்கள் விண்ணப்பங்களில் இழுத்தடிப்பு எதுவும் இல்லை, கேட்ட விளக்கமும் அர்த்தமுள்ளதாகவே இருந்தது.

கொஞ்சம் தலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் வகுப்புகள்தான். எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்குப் பெயரைப் பதிவு செய்கிறோம் என்று பிரிப்பதுதான் வகுப்பு. நீஸ் வகைப்பாடு என்ற சர்வதேசப் பட்டியலின் 45 வகுப்புகளையே அங்கும் பின்பற்றுகிறார்கள். மென்பொருள் என்றதும் ஏஜெண்ட் சட்டென்று 9ஆம் வகுப்பைப் போட்டுவிடுவார். தரவிறக்கிக் கணினியில் நிறுவும் மென்பொருளுக்கு அது சரி. ஆனால் வாடிக்கையாளர் இணையத்தில் உள்நுழைந்து பயன்படுத்துகிற சேவை என்றால் 42 வேண்டும், முதலீட்டு நிர்வாகம், நிதிச் சேவை செய்பவருக்கு 36. எங்களுக்கு வந்த முதல் வரைவில் 9 மட்டுமே இருந்தது, நாங்கள் விற்பதோ முழுக்க இணையச் சேவை! வரைவை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பம் உள்ளே போன பிறகு பட்டியலைச் சுருக்கலாம், விரிக்க வேண்டுமென்றால் புது விண்ணப்பம்தான்.

இனி பராமரிப்பு. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைக் கேட்டுவிட்டு அடுத்த பத்து வருடம் மறந்துவிடலாம் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். கேமனில் அது நடக்காது. ஆண்டுக் கட்டணம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, நம் பதிவு எந்தத் தேதியில் நடந்திருந்தாலும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அது விழும், மார்ச் 31க்குள் கட்டிவிட வேண்டும். தாண்டினால் அபராதம். அபராதம்கூடப் பரவாயில்லை, பணத்தோடு போய்விடும். அதைவிட மோசம், கட்டும்வரை உங்கள் உரிமைகள் நிறுத்திவைக்கப்படும். சான்றிதழ் கையில் இருக்கும், பதிவேட்டிலும் பெயர் இருக்கும், ஆனால் அதை வைத்து ஒருவரைத் தடுக்கப் போனால் நிற்காது.

எங்களுக்கு இது நடந்தது. எங்கள் பெயரை ஒட்டியே இன்னொருவர் ஒரு சேவை தொடங்கியிருந்தார், வக்கீல் கடிதம் தயாராக இருந்தது, அனுப்புவதற்கு முன் நிலையைச் சரிபார்த்தால் அந்த வருடக் கட்டணம் கட்டவே இல்லை. தொடர்புக்கு உரியவர் மாறிவிட்டார் என்று எழுத்தில் தெரிவித்து, ஏஜெண்டிடமிருந்து பதிலும் வாங்கி வைத்திருந்தோம். அப்படியிருந்தும் நினைவூட்டலை வேலையை விட்டுப் போனவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதில் வராததும் அப்படியே விட்டுவிட்டார்கள். கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டி நிலையைச் சரிசெய்த பிறகுதான் கடிதம் போயிற்று. பெரிய அலுவலகம், பெயர் பெற்ற அலுவலகம். அவர்களுடைய கண்ணில் நாங்கள் சின்ன வாடிக்கையாளர், அதுதான் விஷயம்.

அதே இடத்தில் இன்னொன்றும் பிடிக்கவில்லை. அரசுக் கட்டணம் கேமன் டாலரில், பில் வருவது அமெரிக்க டாலரில். ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்பது நிலையான மாற்று விகிதம். ஆனால் அங்கே கடைகளில் ஒரு அமெரிக்க டாலரை 80 கேமன் காசாகக் கணக்கு வைப்பது வழக்கம், அதாவது 1.25. எங்கள் பில்லில் அரசுக் கட்டணத்தையும் 1.25 போட்டே மாற்றியிருந்தார்கள். நூறு கேமன் டாலருக்கு ஐந்து அமெரிக்க டாலர் அதிகம். தொகை சின்னதுதான், ஆனாலும் பல சின்னங்கள், பல வகுப்புகள், வருடா வருடம் என்று சேரும்போது கேட்கத்தான் வேண்டும். பில்லில் அரசுக் கட்டணத்தைக் கேமன் டாலரிலேயே தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள், மாற்று விகிதத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது இருப்பது சின்ன அலுவலகம். நவம்பரிலேயே ஒரு அட்டவணை வந்துவிடுகிறது. எந்தச் சின்னம், பதிவு எண், எந்த வகுப்புகள், அடுத்த பத்தாண்டுப் புதுப்பிப்பு எப்போது, இந்த ஜனவரிக்கு எவ்வளவு, எல்லாம் ஒரே தாளில். எதைத் தொடர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று நாங்கள் குறித்து அனுப்ப வேண்டும். பதில் அனுப்பத் தாமதித்தால் போனே வந்துவிடுகிறது. கட்டியதும் ரசீது வருகிறது, கேட்காமலே. கட்டணம் முந்தையவரைவிடக் கொஞ்சம் கூடத்தான், மனதாரக் கொடுக்கிறேன்.

ஏஜெண்டை மாற்றுவது பெரிய கஷ்டம் இல்லை, ஆனால் மாற்றத்தைப் பதிவகத்துக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும், அதைப் புதியவரே செய்துகொடுப்பார். அதை ஜனவரிக்குள் முடித்துவிடப் பாருங்கள், இல்லையென்றால் அந்த வருடக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற குழப்பம் வரும். உங்கள் கம்பெனியின் பெயரோ முகவரியோ மாறியிருந்தால் அதையும் கையோடு பதிவு செய்துவிடுங்கள்.

2017க்கு முன் நீட்டிப்பு முறையில் எடுத்த சின்னங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்தப் பதிவுகள் புதிய சட்டத்திலும் செல்லும், ஆனால் அப்போது அவற்றின் ஆயுள் பிரிட்டன் அல்லது ஐரோப்பியப் பதிவின் தேதியோடு கட்டப்பட்டிருந்தது. பழைய சான்றிதழில் இருக்கும் தேதியை நம்பி உட்காராமல், பதிவேட்டில் இன்றைக்கு என்ன தேதி இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.