மலிவு ஹெட்போன் முதலில் எங்கே உடைகிறது?

பல வருடங்களாக விலை குறைந்த ஹெட்போன்களோடுதான் என் பொழுது போகிறது. காதை மூடும் பெரிய வயர் ஹெட்போன், காதுக்குள் நுழையும் வயர் இயர்போன், கேஸில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் ப்ளூடூத் இயர்பட்ஸ் என்று மூன்று வகையும் வைத்திருந்திருக்கிறேன். சில இன்னும் உழைக்கின்றன, சில போய்ச் சேர்ந்துவிட்டன. வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, வயரா வயர்லெஸ்ஸா என்பதுதான். வயர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள் என்பேன். வயர்லெஸ் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் ஒலி. மலிவானது என்றாலே தகர டப்பாவில் பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. உள்ளே இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய படலம். இதைத்தான் டைனமிக் டிரைவர் என்கிறோம். இதை ஒழுங்காகச் செய்வது இன்று யாருக்கும் பெரிய ரகசியம் இல்லை. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, அவை எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாகத் தருகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். என் காதும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. ஏறத்தாழ அதே வடிவத்தில் இன்னும் விற்கிறது, இன்னும் ஆட்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மலிவு ரகத்தில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, அளவுக்கு மீறி ஏற்றி வைப்பது ஒரு வியாதி. முதல் தடவை கேட்கும்போது ‘அடேங்கப்பா’ என்றிருக்கும். அரை மணி நேரம் போனால் பாடுகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலத் தோன்றும். இதற்கு மருந்து பல போன்களிலேயே இருக்கிறது. ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தை 3, 4 டெசிபல் இறக்கிப் பாருங்கள், குரல் முன்னால் வந்து நிற்கும். இதற்கு நேர்மாறாக, காதுக்குள் போடும் இயர்போனில் பேஸே இல்லை என்றால் டிரைவரைத் திட்டாதீர்கள். அநேகமாக நுனியில் இருக்கும் சிலிக்கோன் டிப் உங்கள் காதுக்குச் சரியாக அடைபடவில்லை. பெட்டியில் பெரியதும் சிறியதுமாக இன்னும் இரண்டு ஜோடி கிடக்கும், அவற்றை மாற்றிப் போடுங்கள். வலது காதுக்கு ஒரு சைஸ், இடது காதுக்கு வேறு சைஸ் தேவைப்படுவதும் சகஜம்.

நன்றாக அடைபடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமை ஏற்ற மாட்டோம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இரைச்சலான இடத்தில் காதில் சரியாக உட்காராத இயர்போனைப் போட்டுக்கொண்டு கேட்கிறவர், தனக்கே தெரியாமல் அந்த அளவுக்குப் போய்விடுவார்.

ஆக, பாட்டு ஓரளவு தப்பித்துவிடுகிறது. காசை மிச்சம் பிடிப்பது மற்ற பாகங்களில்தான், உடைவதும் அங்கேதான்.

வயர் ரகத்தில் முதலில் போவது ஜாக்குக்கு ஒட்டினாற்போல் இருக்கும் அந்த ஒரு அங்குலம். முடியை விட மெல்லிய செம்பு இழைகள் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக அறுந்துபோகும். ஒரு பக்கம் சத்தம் போய், வயரை லேசாகத் திருகினால் திரும்பி வந்தால், அதன் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களுக்கு நேரான ஜாக்கை விட ‘எல்’ வடிவ ஜாக் கூடுதல் நாள் தாங்கும். அதைவிட நல்லது, வயர் தனியாகக் கழன்று வரும் மாடல். இரண்டு சின்ன ஊசிகளில் செருகுகிற அந்த வகை, இப்போது மலிவான இயர்போன்களிலேயே நிறைய வருகிறது. என்னிடம் நீண்ட நாள் உழைத்தது அப்படி ஒன்றுதான். வயர் போனது, வேறு வயர் மாட்டினேன், டிரைவர் இன்னும் ஜம்மென்று பாடுகிறது.

பெரிய ஹெட்போனில் வயருக்கு முன்னால் காதின் மேல் உட்காரும் பேட் போய்விடும். தோல் மாதிரி தெரிகிற அந்த மேலுறை பாலியூரித்தேன். வியர்வையும் காற்றிலிருக்கும் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஒரு கட்டத்தில் கறுப்புச் செதில்களாக உதிர்ந்து காது, கழுத்து, தலையணை என்று எல்லா இடத்திலும் ஒட்டும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உதிரும், அதுதான் கொடுமை. கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் கொஞ்சம் நாள் கூடுதலாக வரும். விட்டத்தை அளந்து பார்த்து மாற்று பேட் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். துணி பேட் என்றால் காது வேகாது. ஆனால் பேட் மாறினால் ஒலியும் சற்று மாறும், பேஸ் இறங்கும். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

அடுத்து வயர்லெஸ். இங்கே பேட்டரிதான் எல்லாம். ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி வரையிலான ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும். இது விலை உயர்ந்ததற்கும் பொருந்தும். இரண்டையும் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டித்தான் மூடுகிறார்கள், திறந்து பேட்டரியை மாற்ற வழி இல்லை. எப்படியும் ஆயுள் இவ்வளவுதான் என்றால் எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஓடும்போதும் வேலை செய்யும்போதும் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மலிவு பட்ஸ் போதும் என்பது என் கட்சி. முழு ஈடுபாட்டோடு பாட்டுக் கேட்க அதை நம்பவேண்டாம்.

ஒரு பட் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சத்தம் குறைந்திருந்தால் வலையில் காதழுக்கு அடைத்திருக்கலாம். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு தட்டிவிடுங்கள். சார்ஜே ஏறவில்லை என்றால் கேஸிலும் இயர்பட்டிலும் உள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்திருக்கும், துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். நான் பழுது என்று ஒதுக்கியதையே இப்படி மீட்டிருக்கிறேன்.

பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பற்றிக் கொஞ்சம். ‘ஈஎன்சி’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் உங்கள் காதுக்கு அமைதி கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது மைக்குக்கு. நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் குறையும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை உங்களுக்குக் குறைப்பது ‘ஏஎன்சி’. மலிவு ரகத்தில் அது வண்டி இன்ஜின், மின்விசிறி மாதிரியான தாழ்ந்த ஒலியை ஓரளவு குறைக்கும், பக்கத்து மேசைப் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. ‘40 மணி நேரம்’ என்பது கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பது மனிதக் காதின் எல்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கணினியில் கூட்டத்துக்கு ப்ளூடூத் பட்ஸ் போட்டதும் பாட்டுச் சத்தம் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு. அது மலிவினால் வந்த குறை இல்லை. மைக்கைத் திறந்ததும் ப்ளூடூத் அழைப்புக்கான தனி முறைக்கு மாறிவிடும், தரம் அங்கே இறங்கும். பெரிய விலை கொடுத்த பல மாடல்களிலும் இதே கதைதான். கூட்டம் அதிகம் என்றால் மைக் வைத்த வயர் இயர்போன் ஒன்று மேசையில் கிடக்கட்டும்.

மலிவு ரகத்தில் ஒரே மாடலிலேயே ஒன்று நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் வருவது உண்டு. அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனில் அணுகல் வசதிகள் பகுதிக்குள் போய் ‘மோனோ ஆடியோ’வை இயக்கிவிட்டு ஒரு குரலைக் கேளுங்கள். சத்தம் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இடது வலது மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் இரண்டு டிரைவரும் ஒத்துப்போகவில்லை, திருப்பி அனுப்பிவிடலாம். மாறாமல் அதே பக்கம் நின்றால் உங்கள் காதையோ டிப் சைஸையோதான் பார்க்க வேண்டும்.