கப்பல்ல செத்த பூட்டன்ர பதிவு: கச்சேரியோ லண்டனோ?

எங்கட பூட்டன் முல்லைத்தீவில இருந்து போய் வெள்ளைக்காரன்ர கப்பல்ல வேலை செய்து நடுக்கடல்லயே செத்தவர், அம்மம்மான்ர தகரப்பெட்டிக்குள்ள கிடந்த மஞ்சள் கடுதாசில கப்பலின்ர பேர் மட்டும் மையழிஞ்சு தெரியுது. அவற்ர இறப்புப் பதிவைத் தேடி நான் முதல் கச்சேரிக்குத்தான், அதான் மாவட்டச் செயலகத்துக்கு, போனன். கிட்ட, செலவும் பெரிசா இல்ல. ஆனா இறப்பைப் பதியிறது செத்த இடத்துப் பதிவாளரிட்ட, நடுக்கடலுக்கெண்டு அங்க ஒருத்தரும் இல்லையே. உடல் கரையொதுங்கியிருந்தா அங்க தேடலாம்.

மற்றது லண்டனில கியூ (Kew) எண்ட இடத்தில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம். பிரிட்டிஷ் கப்பல்ல செத்த ஆக்களின்ர பதிவு பிடி 334 (BT 334) எண்ட தொகுப்பில 1891 இல இருந்து கிடக்கு, வயசு, வேலை, கப்பல், என்ன வருத்தத்தில செத்தவர் எண்டு கூட இருக்கும், ஆனா எங்கட பேரை அவங்கள் காதில விழுந்தபடிதான் எழுதியிருப்பாங்கள், அதால பேரை விட்டிட்டு கப்பலையும் ஆண்டையும் வச்சுத் தேடுங்கோ. கப்பல் ஆள்பட்டியல் வேணுமெண்டா 1863க்குப் பிறகானதில பெரும்பங்கு கனடாவில, நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில இருக்கு.

என்னைக் கேட்டா கப்பல் பேர் கையில இருந்தா லண்டன்தான். இல்லாட்டி முதல்ல வீட்டுப் பெட்டியளைக் கிண்டுங்கோ, ஆச்சிமார் இருக்கேக்கயே கேட்டு எழுதி வையுங்கோ.