கேஎல், சிங்கப்பூர்ல எறங்கி மெல்போர்ன் போற பிளான்ல ஏஜென்ட் பண்ணின வேலை, தயவுசெஞ்சு படிங்க

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு பிள்ளைங்களை பாக்கப் போற அப்பா அம்மாக்கள் நெறைய பேர் இருக்கீங்க, அவங்களுக்கு டிக்கெட் போட்டுக் குடுக்கற பசங்களும் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நடுவுல கோலாலம்பூர்ல ரெண்டு ராத்திரி, சிங்கப்பூர்ல ரெண்டு ராத்திரி தங்கி ஊர் சுத்திட்டு அப்புறம் மெல்போர்ன் போலாம், எல்லாத்தையும் நானே பேக்கேஜா பண்ணித் தரேன்னு ஒரு ஏஜென்ட் சொன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிருங்க. எங்களுக்கு கூடுதலா போன காசு ஒன்னே முக்கால் லட்சத்துக்கு மேல. அதை விட எனக்கு ஆறாதது எழுபது வயசு தாண்டின எங்கப்பாவை வெளிநாட்டு ஏர்போர்ட்ல கவுன்ட்டர் கவுன்ட்டரா நிக்க வெச்சதுதான்.

இப்படி எறங்கி எறங்கி போற பிளான்ல ஒரு தப்பும் இல்ல, அதையும் சொல்லிடறேன். அம்மாவுக்கு முட்டி வலி, ஒரே மூச்சா போனா கால் வீங்கிடும். திருச்சில இருந்து கேஎல் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், அங்கிருந்து சிங்கப்பூர் ஒரு மணி நேரம், சிங்கப்பூர்ல இருந்து மெல்போர்ன் ஏழரை மணி நேரம், இப்படி பிரிச்சு போனா வயசானவங்களுக்கு எவ்ளோ சுலபம். சென்னை வரைக்கும் கார்ல போற அலைச்சலும் இல்ல. அப்பாவுக்கு பத்துமலை ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை, அம்மாவுக்கு சிரங்கூன் ரோடு வீரமாகாளியம்மனை பாக்கணும். தங்கச்சி மெல்போர்ன்ல இருக்கா, கொழந்தை பொறந்திருக்கு, அதான் கெளம்பினோம். நான், வீட்டுக்காரி, அப்பா, அம்மா.

ஏஜென்ட் ஆபீஸ் திருச்சில நல்லா போர்டு வெச்ச ஆபீஸ்தான், சொந்தக்காரங்க ஒருத்தர் சொல்லித்தான் போனோம். பேர் இங்க போடல. அந்த ஆள் எங்ககிட்ட சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு, "அண்ணே, தனித்தனியா டிக்கெட் போட்டா ஒரு ஃப்ளைட் மிஸ் ஆனா அடுத்த ஃப்ளைட்டுக்கு எவனும் பொறுப்பு எடுக்க மாட்டான், நான் ஒரே டிக்கெட்டா போட்டுத் தரேன், லக்கேஜ் முப்பது கிலோ கடைசி வரைக்கும், ஐயாவும் அம்மாவும் கை வீசிட்டு போலாம்." தனித்தனி டிக்கெட் பத்தி அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதை நல்லா தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் எங்களுக்கு தனித்தனியா போட்டுக் குடுத்தார். காசு ஜிபேல, கம்பெனி அக்கவுன்ட் இல்ல, அவரோட சொந்த நம்பருக்கு, "ஜிஎஸ்டி பில் அப்புறம் தரேன் அண்ணே"ன்னு சொல்லி வாங்கினார். அந்த பில் இன்னைக்கு வரைக்கும் வரல.

டிக்கெட், ஹோட்டல் போக இன்னும் ரெண்டு ஐட்டம் போட்டிருந்தார். மலேசியா இ-விசா தலைக்கு 2,500, சிங்கப்பூர் டிரான்சிட் பர்மிட் தலைக்கு 3,500. இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதே பேர்ல பல பேர்கிட்ட வாங்கியிருப்பாங்க. மலேசியாவுக்கு இந்திய பாஸ்போர்ட் காரங்க 2023 டிசம்பர் 1ல இருந்து விசா இல்லாமலே 30 நாள் வரைக்கும் போய் தங்கலாம், அதை 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. நாம பண்ண வேண்டியது டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒன்னு, போய் எறங்கறதுக்கு மூணு நாளைக்குள்ள மலேசியா இமிக்ரேஷன் சைட்ல ஃபில் பண்ணணும், அது ஃப்ரீ. சிங்கப்பூருக்கு நமக்கு சாதாரணமா விசா வேணும், ஆனா கையில ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாதிரி சில நாடுகளோட செல்லுபடியான விசா இருந்து, வேற நாட்டுக்கு போற வழியில எறங்கறோம்னா 96 மணி நேரம் விசா இல்லாம உள்ள விடுவாங்க. இதுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ற பர்மிட்னு ஒன்னு கெடையவே கெடையாது, அங்க போய் எறங்கும்போது இமிக்ரேஷன் ஆபீசர் பாத்து முடிவு பண்றது. எஸ்ஜி அரைவல் கார்டு மட்டும் ஆன்லைன்ல போடணும், அதுவும் ஃப்ரீ. ஆக நமக்கு தேவையே இல்லாத ஒன்னுக்கும், இல்லவே இல்லாத ஒன்னுக்கும் நாலு பேர் கணக்குல 24,000 ரூபா வாங்கியிருக்கார்.

இந்த 96 மணி நேர சலுகைக்கு ஒரு முக்கியமான கண்டிஷன், அந்த நேரத்துக்குள்ள சிங்கப்பூரை விட்டு கெளம்பறதுக்கு கன்ஃபர்ம் ஆன டிக்கெட் கையில இருக்கணும். நாங்க மாட்டினது இங்கதான்.

வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப் பாக்க பக்காவா இருந்துச்சு. ஏர்லைன்ஸ் லோகோ, எங்க நாலு பேர் பேர், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஸ்பெல்லிங், கன்ஃபர்ம்டுன்னு பச்சை கலர்ல. சிங்கப்பூர் டு மெல்போர்னுக்கு இருந்த பிஎன்ஆரை அன்னைக்கே ஏர்லைன்ஸ் சைட்ல போட்டும் பாத்தேன், எங்க பேரும் ஃப்ளைட்டும் ஒழுங்கா வந்துச்சு. இப்போ அந்த பிடிஎஃப்பை திறந்து வெச்சுக்கிட்டு உங்களுக்கு சொல்றேன், இ-டிக்கெட் நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல பதிமூணு இலக்க நம்பர் இருக்கணும், மொத மூணு இலக்கம் அந்த ஏர்லைன்ஸோட கோடு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618, மலேசியா ஏர்லைன்ஸ்னா 232, ஏர் இந்தியான்னா 098. எங்க பிடிஎஃப்ல அந்த கட்டத்துல நாலு பேருக்கும் நேரா அதே ஆறெழுத்து பிஎன்ஆரை திருப்பி அடிச்சு வெச்சிருக்காங்க. அதாவது சீட்டை பிடிச்சு வெச்சிருக்கார், டிக்கெட் வாங்கல. இப்படி ஹோல்டுல வெச்ச சீட்டு ஏர்லைன்ஸ் குடுத்த டைம் தாண்டினா தானா கேன்சல் ஆயிடும், நமக்கு ஒரு மெசேஜ் கூட வராது, ஏன்னா புக்கிங்ல குடுத்திருக்கற மெயில் ஐடியும் போன் நம்பரும் ஏஜென்ட்டோடது.

கேஎல் போய் எறங்கினதுமே மொத அடி. ஹோட்டல் ரிசப்ஷன்ல ரூம் இருக்கு, ஆனா காசு கட்டலங்கறாங்க. அந்த ஆள் எங்ககிட்ட முழு காசையும் வாங்கிட்டு "ஹோட்டல்ல போய் கட்டிக்கலாம்"னு இருக்கற ஆப்ஷன்ல புக் பண்ணி வவுச்சர் அனுப்பியிருக்கார். போன் பண்ணினா, "ஐயோ சாரி அண்ணே, சிஸ்டம் ப்ராப்ளம், நீங்க இப்போதைக்கு கட்டிடுங்க, நான் நைட்டே திருப்பி போட்டுடறேன்." கட்டினோம். (அதோட ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு பத்து ரிங்கிட் டூரிசம் டாக்ஸ் தனி, அது வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் உள்ளது, அதுக்கு ஹோட்டல்ல சண்டை போடாதீங்க.) பத்துமலை மட்டும் நல்லபடியா நடந்துச்சு, 272 படியும் அப்பா நின்னு நின்னு ஏறிட்டார், அம்மா கீழயே முருகன் சிலை பக்கத்துல உக்காந்துட்டாங்க.

அடுத்து சிங்கப்பூர் போறதுக்கு ஏர்போர்ட். கவுன்ட்டர்ல இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான், மலேசியாக்காரப் பொண்ணு. பாஸ்போர்ட் வாங்கி பாத்துட்டு ஆஸ்திரேலியா விசா காட்டுங்கன்னுச்சு, காட்டினோம், அடுத்து மெல்போர்ன் டிக்கெட் கேட்டுச்சு, பிடிஎஃப் காட்டினோம். ரொம்ப நேரம் தட்டி தட்டி பாத்துட்டு, பக்கத்துல இருந்த ஆளை கூப்பிட்டு அவரும் பாத்துட்டு, அப்பாகிட்ட மெதுவா சொல்லுச்சு, "அங்கிள், இதுல டிக்கெட்டே இல்ல. புக்கிங் கேன்சல் ஆகி ரொம்ப நாள் ஆச்சு. உங்களை சிங்கப்பூருக்கு ஏத்த முடியாது." அந்த பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, தகுதி இல்லாத ஆளை ஏத்திட்டு போனா திருப்பி கூட்டிட்டு வர்ற பொறுப்பு ஏர்லைன்ஸோடது, அதனால அவங்க ரூல் பாத்துத்தான் ஏத்துவாங்க. அது மட்டும் இல்ல, கேஎல் டு சிங்கப்பூர் டிக்கெட்ல எங்களுக்கு செக்-இன் லக்கேஜே இல்லியாம், ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும்தான். முப்பது கிலோன்னு சொன்னதை நம்பி தங்கச்சிக்கு அம்மா கட்டிட்டு வந்த பிரசவ மருந்து, பருப்புப்பொடி, கொழந்தை துணின்னு நாலு பெரிய பெட்டி நிக்குது.

ஏஜென்ட்டுக்கு போன் பண்ணினா மொத தடவை எடுத்தார், "அஞ்சு நிமிஷம் அண்ணே, செக் பண்ணி சொல்றேன்"னார், அதுக்கப்புறம் எடுக்கல, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அம்மா ட்ராலி மேல சாஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, அப்பா ஒவ்வொரு கவுன்ட்டரா போய் அந்த பேப்பரை காட்டி காட்டி கேக்கறார், யாராவது ஒருத்தர் டிக்கெட் இருக்குன்னு சொல்லிட மாட்டாங்களான்னு. அந்த மனுஷன் வாழ்நாள்ல யார்கிட்டயும் போய் கெஞ்சினவர் கெடையாது. கடைசில மெல்போர்ன்ல இருந்து தங்கச்சி மாப்பிள்ளை அவர் கார்டுல நாலு பேருக்கும் சிங்கப்பூர் டு மெல்போர்ன் புதுசா போட்டார், கடைசி நேர ரேட். அதுக்குள்ள எங்க ஃப்ளைட் கவுன்ட்டர் மூடிட்டாங்க, கேஎல் டு சிங்கப்பூரும் புதுசா லக்கேஜோட வாங்கினோம். சிங்கப்பூர் தங்கறது ஒரு ராத்திரியா கொறஞ்சுது, அங்கயும் ஹோட்டல் காசு நாங்கதான் கட்டினோம். அம்மா அம்மனை பாத்துட்டாங்க, அது மட்டும் நிம்மதி.

ஊருக்கு வந்து ஆபீஸ்ல போய் கேட்டா, "அமவுன்ட் ஏர்லைன்ஸ்ல மாட்டிக்கிச்சு அண்ணே, ரீஃபண்ட் வந்ததும் தரேன்"ங்கறார். ஏர்லைன்ஸுக்கு நான் மெயில் போட்டு கேட்டேன், இந்த பிஎன்ஆர்ல காசே வரல, டிக்கெட்டே போடலன்னு பதில் வந்துச்சு. காசு போகாத இடத்துல எப்படிங்க மாட்டும்? எங்க காசை முன்னாடி புக் பண்ணின வேற யாருக்கோ டிக்கெட் போட யூஸ் பண்ணிட்டு, வேற யார் காசாவது வந்தா எங்களுக்கு போடலாம்னு இருந்திருக்கார்னுதான் நான் நெனைக்கறேன். அப்படின்னா எங்களுக்கு அப்புறம் புக் பண்ணினவங்க நிலைமை என்னன்னு யோசிச்சு பாருங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இப்படி நடுவுல ஊர் பாக்கற பயணம் போடறவங்க முடிஞ்சா ஏர்லைன்ஸ் சைட்லயே மல்டி-சிட்டின்னு இருக்கற ஆப்ஷன்ல போடுங்க. ஒரே ஏர்லைன்ஸ்ல ஒரே பிஎன்ஆர்ல வந்துச்சுன்னா ஒரு ஃப்ளைட் லேட்டானாலும் ரத்தானாலும் அடுத்தது வரைக்கும் அவங்க பொறுப்பு. 24 மணி நேரத்துக்கு மேல தங்கினா ஸ்டாப்ஓவர் கணக்கு, சில டிக்கெட்ல ஃப்ரீயா விடுவாங்க, சிலதுல கொஞ்சம் கூட கேப்பாங்க, அதை புக் பண்ணும்போதே பாத்துக்கலாம். நடுவுல தங்கற ஊர்ல பெட்டியை எடுத்து திருப்பி போடணுங்கறதால ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் எத்தனை கிலோன்னு தனித்தனியா பாருங்க, மொத ஃப்ளைட்டுக்கு போட்டிருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஏஜென்ட் மூலமாத்தான் போடணும்னா புக்கிங்ல உங்க மெயில், உங்க நம்பர் குடுக்க சொல்லுங்க, பதிமூணு இலக்க நம்பர் வராம முழு காசு குடுக்காதீங்க, வந்த பிறகும் கெளம்பற வாரம் வரைக்கும் அப்பப்போ ஏர்லைன்ஸ் சைட்ல பாத்துக்கிட்டே இருங்க, ஏன்னா போட்ட டிக்கெட்டையே பின்னாடி கேன்சல் பண்ணி ரீஃபண்ட் அவங்க வாங்கிக்கற ஆளுங்களும் இருக்காங்க, ஏஜென்ட் போட்ட டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் ஏஜென்ட் அக்கவுன்ட்டுக்குத்தான் போகும். சில பட்ஜெட் ஏர்லைன்ஸ்ல பதிமூணு இலக்க நம்பர் இருக்காது, பிஎன்ஆர் மட்டும்தான், அதுல உள்ள போய் காசு கட்டியாச்சா, லக்கேஜ் சேத்திருக்கான்னு பாக்கணும். ஹோட்டல் வவுச்சர் வந்தா ஹோட்டலுக்கே மெயில் போட்டு காசு வந்துச்சான்னு கேளுங்க, பெரும்பாலும் ஒரே நாள்ல பதில் வந்துடும்.

நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்தேன், அதுக்கப்புறம் ஹோட்டல் காசு மட்டும் திருப்பி போட்டிருக்கார், மத்ததுக்கு பேச்சே இல்ல. அடுத்து தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடறேன். கடை திருச்சில இருந்தாலும் 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், இ-ஜாக்ரிதி சைட்ல ஆன்லைனாவே போடலாம், நாம குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸும் இல்ல.

லீவுக்கு இதே மாதிரி ரூட்ல ஏஜென்ட்கிட்ட காசு குடுத்துட்டு காத்திருக்கறவங்க இன்னைக்கே ஏர்லைன்ஸுக்கு நேரா போன் பண்ணி, பிஎன்ஆர் சொல்லி, டிக்கெட் நம்பர் என்னன்னு ஒவ்வொருத்தர் பேருக்கும் கேளுங்க. இல்லேன்னு சொன்னாங்கன்னா அதை மெயில்ல எழுதி வாங்கிட்டு அந்த மெயிலோட ஆபீசுக்கு நேர்ல போங்க, ரசீது, வாட்ஸ்அப் சாட், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எதையும் டெலீட் பண்ணாதீங்க.