யானை மின்வேலி: வேலி அருமை, பராமரிப்புக்குத்தான் பணம் காணோம்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம், எங்கள் எஸ்டேட் டவுனுக்குப் பின்னால் காட்டோரமாக அரசாங்கச் செலவில் போட்டுக் கொடுத்த யானை மின்வேலி எப்படி இருக்கிறது என்று சிறுதோட்டக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: வேலை செய்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்தேன் என்பதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செம்பனை, அதாவது பாமாயில் மரக் கன்று நட்டவர்களுக்கு யானை என்ன செய்யும் என்று தெரியும். குருத்தைப் பிடித்து இழுத்து, உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளையான இளம் பகுதியை மட்டும் தின்றுவிட்டு மட்டையை எல்லாம் அங்கேயே வீசிவிட்டுப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் சேற்றில் தாம்பாளம் அளவு காலடி, வரிசையாகப் பிடுங்கிப் போட்ட கன்றுகள். மறுபடி நட்டுக் காய் பார்க்க மூன்று வருஷம் ஆகும். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

வேலி எளிமையான சாமான்தான். சோலார் பலகை, பாட்டரி, கம்பிக்கு விட்டுவிட்டுக் கரண்டு அனுப்பும் ஒரு எனர்ஜைசர் பெட்டி, கம்பங்கள், வரிசையாகக் கம்பி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் 'டக்... டக்...' என்று கேட்கும். ஒவ்வொரு டக்குக்கும் சில ஆயிரம் வோல்ட் ஒரு கண நேரம் கம்பியில் ஓடி நின்றுவிடும். தொட்டால் சுரீரென்று இருக்கும், உயிர் போகாது. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கும் ஆட்களை இதோடு சேர்க்காதீர்கள். அது யானையையும் கொல்லும், வேலைக்குப் போகும் மனிதனையும் கொல்லும், 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடுமையான தண்டனையும் உண்டு.

சரி, குறைக்கு வருகிறேன். கம்பியில் லாலாங் புல்லோ கொடியோ பட்டால் கரண்டு மண்ணுக்கு இறங்கிவிடும். நம்ம ஊர் மழைக்குப் புல் எவ்வளவு சீக்கிரம் வளரும்! கம்பிக்குக் கீழே ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விழுந்த மரத்தை உடனே எடுக்க வேண்டும், பாட்டரி தேய்ந்தால் மாற்ற வேண்டும். வேலி போடப் பணம் வந்தது. புல் வெட்ட? குத்தகை எடுத்தவர் முதலில் ஒழுங்காக வந்தார், அப்புறம் ஆளையே காணோம். கேட்டால் பணம் இன்னும் வரவில்லை என்கிறார். ஆற்றோரத் துண்டு முழுக்கக் கொடி ஏறிக் கிடந்த சமயத்தில், எது உயிருள்ள கம்பி எது செத்த கம்பி என்று பார்த்து வைத்த மாதிரி யானை சரியாக அந்த வழியாகவே நுழைந்தது. "கம்பியில கரண்டு இருக்கா இல்லையான்னு நமக்கு முன்னாடி அவருக்குத் தெரியும் தம்பி" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். உண்மைதான். கரண்டு நன்றாக ஓடும் இடத்திலேயே சில ஆண் யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கும், மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் சாய்க்கும்.

இதற்கெல்லாம் பொதுப்பணம் எதற்கு, தோட்டக்காரனே போட்டுக்கொள்ளட்டும் என்று பேசுகிறவர்களும் டவுனில் இருக்கிறார்கள். பெரிய கம்பெனித் தோட்டங்கள் அப்படித்தான் செய்கின்றன, சொந்தமாக அகழி வெட்டுகிறார்கள், வேலி போடுகிறார்கள். அங்கே நுழைய முடியாத யானை எங்கே போகும்? வேலி போட வசதியில்லாதவன் நிலத்துக்குத்தான். பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுவதும் நடக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு 1974 முதலே அதற்கென்று தனிக்குழு இருக்கிறது, 1989-இல் பகாங்கில் கோலா கண்டா யானைகள் மையமும் வந்தது. பழக்கிய யானைகளைக் கொண்டு காட்டு யானையை நடத்தி லோரியில் ஏற்றுவது லேசான வேலை இல்லை, அந்த ஆட்களை நான் மதிக்கிறேன். ஆனால் செலவு அதிகம், கொண்டுபோய் விட்ட இடத்திலும் அது தோட்டத்தைத் தேடிப் போகலாம்.

அதைவிட முக்கியம், வேலிக்கு அந்தப் பக்கம் காடு இருக்க வேண்டும். நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் கையில், வனவிலங்குப் பாதுகாப்பு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொது. மரம் வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம், வெட்டாமல் விட்டால் ஒன்றுமில்லை என்ற நிலைதான் ரொம்ப நாள் இருந்தது. அதை மாற்றத்தான் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி கொடுக்கும் திட்டம் 2019 பட்ஜெட்டில் 6 கோடி ரிங்கிட்டோடு தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் அது 25 கோடி. இதை நான் மனதார ஆதரிக்கிறேன். 2025 மே மாதம் கெரிக் நெடுஞ்சாலையில் லோரி மோதிச் செத்த குட்டியை விட்டு நகராமல், லோரியில் தலையை முட்டிக்கொண்டு நின்ற தாய் யானையின் வீடியோவைப் பார்த்தவர்கள் யாரும் யானைக்குப் பணம் எதற்கு என்று கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்கும் வேலி வரப்போகிறது என்றால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கக் கூட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். புல் வெட்டும் குத்தகை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, பாட்டரி மாற்றும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், கம்பி அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குத்தகையை ஊர் இளைஞர்களுக்கே கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். காட்டு ரோந்துக்கு ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி ஆட்களையும் முன்னாள் ராணுவத்தினரையும் அரசாங்கம் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது, வேலிக்கும் அதே மாதிரி உள்ளூர் ஆட்களை வைக்கலாமே.