எரிமலை இல்லாத மலைநாட்டில் ஓர் ‘எரிமலைக் கல்’: பாறைப் பெட்டி பற்றிய மதிப்பீடு

நுவரெலியாவில் நினைவுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், மலைநாட்டுப் பாறை மாதிரிகள் 12 அடங்கிய மரப்பெட்டியை எங்கள் தோட்டப் பாடசாலையின் புவியியல் வகுப்புக்காக வாங்கினேன்.

பெட்டியின் வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொரு கல்லும் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக உடைக்கப்பட்டிருப்பதால், வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பையும் உள்ளிருக்கும் உண்மையான நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிவப்புக் கார்னெட் மணிகள் பதிந்த ‘நைஸ்’ என்னும் வரிவரியான உருமாறிய பாறைத் துண்டுதான் எல்லாவற்றிலும் அழகு. மாத்தளைப் பளிங்கில் தேசிக்காய்ச் சாறு விட்டபோது நுரை எழவில்லை. சுரண்டித் தூளாக்கிய பின்னரே மெல்ல எழுந்தது. மக்னீசியம் மிகுந்த பளிங்கு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால் அது நல்ல மாதிரியே.

சிக்கல் ஏழாம் அறையில் இருந்தது. அங்கிருந்த கருங்கல்லுக்கு ‘எரிமலைப் பாறை’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். எங்கள் மலைகளை எழுப்பியது எரிமலை அன்று. இங்குள்ள பாறைகளில் பெரும்பாலானவை, கோண்டுவானா என்னும் பழம்பெரும் நிலத்திணிவு ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. மேலிருந்த சுமை அரிபட்டுப் போனதால் இன்று தேயிலைச் செடிகளுக்கிடையே தலைநீட்டுகின்றன. கைவில்லையால் பார்த்தபோது, எரிமலைக் குழம்பு விரைந்து ஆறி உண்டாகும் பசால்ட்டில் காணக்கிடைக்காத பருத்த மணிகளும், எண்ணெய் பூசினாற்போன்ற பச்சை கலந்த மினுக்கமும் தெரிந்தன. அது சார்னகைட். சென்னைப் பறங்கிமலையின் கல்லும் அதே இனந்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னக்கின் கல்லறையை மூடியிருந்த கல் அது என்பதாலேயே அந்தப் பெயர் வந்தது. எங்கள் முப்பாட்டன்மார் கடல் கடந்து வந்து மிதித்ததும் அதே குடும்பத்துக் கல்லைத்தான் என்று எழுதியிருந்தால், எரிமலையைவிடச் சுவையான கதையாக இருந்திருக்கும்.

பெட்டியோடு வந்த துண்டுப்பிரசுரத்தில் தமிழே இல்லை. சப்ரகமுவவில் கிடைத்து 1904இல் உலகறிய வந்த தோரியனைட் என்னும் தோரியக் கனிமம் பற்றியோ, அதனைக் கண்டறிந்த கனிம ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி பற்றியோ ஒரு வரியும் இல்லை.

பிழையைச் சொன்னபோது, எரிமலை என்றால்தான் சுற்றுலாப் பயணிகள் வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் சிரித்தார். விலைக்குப் பழுதில்லாத பெட்டிதான், வாங்கலாம். ஏழாம் அறையின் சீட்டை மட்டும் நான் உரித்துவிட்டேன், புதிய பெயரை எழுதும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறேன்.