முன்சக்கர பேரிங்: கண்டியா, கொழும்பா, ஹட்டன் பட்டறையா?

ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் ஏ7 வீதியில், டெவன் நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போதுதான் காரின் முன்சக்கரத்திலிருந்து வந்த ஊளையைச் சரியாகக் கேட்டேன். வலப்பக்க வளைவில் எழும்பும், இடப்பக்க வளைவில் அடங்கிவிடும். வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே கெட்டிருப்பது இடது முன்சக்கர பேரிங். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை, நம் மலை வீதியே போதும். என் வயிற்றெரிச்சல் வேறு: அந்த பேரிங் போட்டு அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கார் பழைய ஹொண்டா சிவிக், ஈகே வகை. ஏப்ரலில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம், கைவசம் காசிருந்தால் தியத்தலாவை பொக்ஸ் ஹில்லின் மண் பாதைப் பந்தயம் என்று ஓட்டுகிற ஆள் நான். இந்த வகை வண்டியில் முன்சக்கர பேரிங் போல்ட் கழற்றி மாட்டுகிற சாமான் அல்ல. பேரிங்கைத் தாங்கும் கனத்த உலோகத் துண்டான நக்கிளைக் கழற்றி மேசையில் வைத்து, அழுத்தும் இயந்திரமான பிரஸ்ஸில் அழுத்தி எடுத்து, அழுத்தியே ஏற்ற வேண்டும். ஆகவே யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று வருடத்தில் மூன்று இடங்களில் கொடுத்துப் பார்த்துவிட்டேன்: கண்டியில் ஒரு பெரிய சேவை நிலையம், கொழும்பில் பந்தயக் கார்கள் மட்டும் செய்கிற ஒரு கராஜ், ஹட்டன் டவுனுக்குக் கீழே ஒற்றை ஆள் நடத்தும் ஒரு தகரக் கொட்டகை. பெயர்கள் வேண்டாம்.

கூலி, தூரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. கொழும்புக் கூலி ஹட்டனில் கொடுப்பதைப் போல் இரண்டரை மடங்கு வந்தது; கண்டி நடுவில். உதிரிப்பாகத்தைப் பொறுத்தவரை மூன்று இடமும் ஒன்றுதான், ஏனென்றால் பேரிங்கை ஒவ்வொரு முறையும் நானே வாங்கிக் கொடுத்தேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பெட்டி என்று நீட்டுவதையெல்லாம் நம்பாமல், எந்தக் கடை தன் பெயர் போட்ட பில் தருகிறதோ அங்கே வாங்குங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பேரிங்கை உள்ளே ஏற்றும்போது அழுத்தம் எந்த வளையத்தில் விழுகிறது?

பேரிங்குக்கு வெளி வளையம், உள் வளையம் என்று இரண்டு. நடுவில் இரண்டு வரிசைக் குண்டுகள். நக்கிளுக்குள் இறுகப் போவது வெளி வளையம். அப்போது பிரஸ் அந்த வெளி வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும். பிறகு சக்கரத்தைப் பூட்டுகிற நடுப்பாகமான ஹப்பை ஏற்றும்போது இறுகுவது உள் வளையம். அப்போது அடியிலிருந்து உள் வளையத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அத்தனை அழுத்தமும் குண்டுகளின் வழியாகத்தான் பாயும். குண்டு ஒவ்வொன்றும் தன் தடத்தில் ஒரு சிறு பள்ளத்தைக் குத்திவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றும், வேலை செய்தவரும் சிரித்த முகத்தோடு பில் எழுதுவார். சாதாரண வண்டியில் அது ஒரு வருடம்கூட இழுத்துக்கொண்டு போகலாம். அகலமான டயர் போட்டு, சக்கரத்தை வெளியே தள்ளி வைத்து, வளைவுக்கு வளைவு முழுப் பாரத்தையும் ஒரு பக்கம் கொட்டுகிற பந்தய வண்டியில் அந்தப் பள்ளங்கள் சீக்கிரமே பொரிந்துவிடும்.

சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே கதைதான், இன்னும் மோசமாக.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது ஹட்டன் கொட்டகையில். அதை நடத்தும் ஐயா முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். உருட்டு இயந்திரம், உலர்த்தி, வாட்டும் விசிறி என்று இரவு பகலாக ஓடும் பேரிங்குகளோடு காலம் தள்ளியவர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, ‘இது இன்னும் பத்து நாள்’ என்று சொல்லக்கூடிய காது. தொழிற்சாலை இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதை முனிக்குக் கற்பூரம் காட்டாமல் இயந்திரத்தைத் தொடாத தலைமுறை. இன்றும் கொட்டகையில் பிரஸ்ஸுக்கு மேலே ஒரு திருநீற்றுப் பொட்டு இருக்கிறது.

நான் கொண்டுபோன நக்கிளிலிருந்து நாலு மாதப் பேரிங்கை வெளியே எடுத்தவர் அதைக் குப்பையில் போடவில்லை. வைஸில் கவ்வ வைத்து, கிரைண்டரால் வெளி வளையத்தை ஒரு பக்கம் அறுத்து, உளி வைத்துப் பிளந்தார். மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“விரலை வைத்துப் பாருங்கள் தம்பி.”

நகத்தை ஓட்டினேன். தடத்தில் தட், தட், தட் என்று சம இடைவெளியில் பள்ளங்கள். குண்டுகளின் இடைவெளி எவ்வளவோ அதே அளவு.

“ஓட்டத்தில் வந்த தேய்மானம் இப்படிக் கணக்காக அளந்து வராது. இது ஏற்றிய அன்றைக்கே விழுந்தது.”

அதை ஏற்றியது கண்டியின் பெரிய நிலையம். பளிங்குத் தரை, கண்ணாடித் தடுப்பு, தேநீர், பத்திரிகை எல்லாம் உண்டு. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்கு வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை; பழைய பாகத்தைக் கேட்டபோதும் ‘குப்பையில் போட்டுவிட்டோம்’ என்றார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு யார் கையில் என் நக்கிள் கிடைத்தது என்பதே எனக்குத் தெரியாது. என் மனத்தாங்கலும் அதுதான்.

ஐயாவின் வேலையை முழுவதும் கூட நின்று பார்த்தேன். ஹப்பைத் தள்ளி எடுத்ததும் பழைய உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஹப்பில் கீறல் விழாமல் அறுப்பதற்கே அரை மணி நேரம் எடுத்தார். நக்கிளின் துளையைத் துடைத்து, விளக்கைப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு அளவுக்கும் லேத்தில் தானே கடைந்த வளையங்களை ஆணிகளில் மாட்டி வைத்திருக்கிறார். வெளி வளையத்துக்கு ஒன்று, உள் வளையத்துக்கு ஒன்று. பேரிங் இறங்கியதும், அது நழுவாமல் பிடிக்கும் வளையமான சேர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று தட்டிப் பார்த்தார். பிறகு ஹப்பைக் கையில் எடுக்குமுன், தூசித் தகரத்தை நக்கிளில் பூட்டினார். சிரிக்காதீர்கள், அதை மறந்து ஹப்பை ஏற்றிவிட்டு, தகரம் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. ஹப்பைத் திரும்ப எடுத்தால் புதுப் பேரிங் அத்தோடு போயிற்று.

ஆக்ஸில் நட்டை வண்டியில் வந்து இறுக்கினோம். சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன், ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சில் 181 நியூட்டன் மீட்டர். பிறகு புது நட்டின் விளிம்பை ஆக்ஸிலில் உள்ள பள்ளத்துக்குள் தட்டிவிட்டார். நட்டு தளர்ந்திருக்கும்போது வண்டியை இறக்கி உருட்டினால் உள் வளையத்தின் இரு பாதிகளும் விலகிக்கொள்ளும். காற்றழுத்தத்தில் நட்டு இறுக்கும் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கிவிட்டு ரென்ச்சைத் தொடாதவரிடம் பந்தய வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கொழும்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே ஒரு முறைதான் போனேன், அதுவும் வலது பக்கத்துக்கு மட்டும். வேலை சுத்தம். கேட்காமலே உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது, சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்குக்கு என்ன ஆகும் என்று விளக்குவது, இதிலெல்லாம் ஹட்டன் ஐயாவைவிட அவர்கள் கைதேர்ந்தவர்கள். முழு சஸ்பென்ஷனையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்கிவிடுங்கள், நான் மறிக்கமாட்டேன். ஆனால் பந்தய வண்டியில் பேரிங் என்பது பிரேக் பேட் போலத் தீர்ந்துபோகிற சாமான். மண் பாதையில் ஓடி, வீட்டுக்கு வந்து பிரஷர் தண்ணீர் அடித்தால் சீல் வழியாக நீர் புகுந்து கிரீஸ் கெட்டுவிடும். அடிக்கடி வரும் இந்த வேலைக்கு ஒவ்வொரு தடவையும் வண்டியை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப என்னால் முடியாது. ஐயா ஏற்றிய பேரிங் இப்போது இரண்டாவது வருடத்தில் ஓடுகிறது. மலையேற்றத்திலும் பொக்ஸ் ஹில்லிலும் அடிபட்டும் ஊளையில்லை. ஒரு பேரிங்கை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

பின்சக்கரத்துக்கு இந்த அலைச்சலே வேண்டாம். ஈகே சிவிக்கில் அது ஹப்போடு சேர்ந்த ஒரே துண்டு; ஒரு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். டோர்க் ரென்ச் வைத்திருக்கும் யாரும் செய்யலாம், நான் வீட்டு முற்றத்திலேயே செய்தேன்.

ஐயாவிடம் குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது. உத்தரவாதம் என்றால் ‘நான் இங்கேதானே இருக்கிறேன்’ என்பார். போனை எடுக்கமாட்டார். ஓய்வு பெற்றும் பக்கத்துத் தோட்டங்கள் விடுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது உருட்டு இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் வேன் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நமக்குப் போட்டி வருவதும் அதே ஏப்ரலில்தான். போன வருடம் கொட்டகைக்கு வெளியே நக்கிளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்துக் கிடந்தேன். இனிமேல் வேலை இருந்தால் மாசி முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.