வெயிலில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்: 46,500 ரூபாய் போன கதை

நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். எண்ணில் 46,500. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன், எப்படி எழுதினாலும் வயிறு எரிகிறது. பழைய மீடியம் பார்மட் லென்ஸ் (சாதாரண பிலிமைவிட அகலமான பிலிம் போடும் கேமராவின் லென்ஸ்) வாங்க நினைப்பவர்கள், அதிலும் ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லென்ஸ் கூர்மையாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று சோதிக்கும் முறையைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

எனக்கு ஊர் பவானி. கல்யாண வீடுகளில் டிஜிட்டலில் படம் எடுப்பது பிழைப்பு, 120 என்ற அந்த அகலப் பிலிம் என் சொந்தப் பைத்தியம். கையில் இருப்பது பென்டாக்ஸ் 6×7. 1969இல் தொடங்கிய வரிசை. சாதாரண பிலிம் கேமராவை யாரோ ஊதிப் பெரிதாக்கியது போல இருக்கும், லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். ஒரு ரோலுக்குப் பத்தே படம். என்னிடம் 165 மி.மீ. லென்ஸ் ஒன்று ஏற்கெனவே உண்டு. எங்கள் ஊர் ஜமக்காளத் தறிக்காரர்களைக் குழித்தறியில் உட்கார்ந்தபடியே எடுக்க வேண்டும் என்று இரண்டு வருட ஆசை. தறி வீட்டில் 165ஐ வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். அதற்குத்தான் இன்னும் அகலமாகப் பார்க்கும் 105 மி.மீ., எஃப் 2.4 (வெளிச்சம் புகும் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது). பெயர் பெற்ற லென்ஸ். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது.

கடை கோவையில். பழைய கேமராக்களைப் படம் போட்டு விற்கும் வகைக் கடை, பெயர் சொல்லப்போவதில்லை. படத்தில் லென்ஸ் பளபளவென்றிருந்தது. 'தூசி இல்லை, பூஞ்சை இல்லை, கீறல் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். நேரில் போனேன். கடைக்காரர் வாய்க்கு வாய் 'ங்க' போட்டார், இளநீர் வாங்கிவரச் சொன்னார், தன் அப்பாவும் அந்தியூர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவர் என்றார். "நம்ம பக்கத்துப் பொண்ணு, உங்களிடம் போய் ஏமாற்றுவேனா அம்மணி?" அந்த இடத்தில்தான் விழுந்தேன். கறாராகப் பேசும் ஆளாக இருந்திருந்தால் நானும் கறாராகப் பார்த்திருப்பேன். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் கையிலிருந்த டார்ச்சைப் பைக்குள் வைத்துவிட்டேன்! சோதிக்கவென்றே வீட்டிலிருந்து எடுத்துப் போன டார்ச் அது. ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை, அதோடு சரி.

கண்ணாடி மட்டும் தேநீர் நிறத்தில் இருந்தது. கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் உண்மை, அதுதான் கொடுமை. இந்த லென்ஸின் பழைய வார்ப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆண்டுகள் போகப் போக அது பழுப்பேறும், புற ஊதாக் கதிர் பட்டால் தெளியும். "நான்கு நாள் நல்ல வெயிலில் வையுங்கள், நிறம் போய்விடும். அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள், அதற்கு முன் எடுத்தால் சரியாகத் தெரியாது" என்றார். ரசீது கேட்டேன். மேசையிலிருந்த எஸ்டிமேட் தாளில் 46,500 என்று எழுதி, 'சோதனைக்கு 7 நாள்' என்று கீழே எழுதிக் கோடும் போட்டுக் கொடுத்தார். ஏழில் நான்கை அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு முதல் புதன் வரை மொட்டை மாடியில், அம்மா காயவைத்த கொத்தவரை வற்றலுக்குப் பக்கத்தில் லென்ஸ் காய்ந்தது. சூடு ஏறக்கூடாது என்று கண்ணாடியை மட்டும் விட்டு மீதியை அலுமினியத் தாளால் சுற்றி வைத்தேன். "இதையும் குழம்பில் போடப் போகிறாயா கண்ணு?" என்று அம்மா சிரித்தார். பழுப்பு ஓரளவு தெளிந்தது உண்மை.

வியாழன் காலை சோதனை. காம்பவுண்டுச் சுவரின் நிழல் பக்கத்தில் ஒரு பவானி ஜமக்காளத்தை விறைப்பாக ஆணி அடித்து மாட்டினேன். நேர்கோடாக ஓடும் பட்டைகள், இழை இழையாகத் தெரியும் நெசவு, இதைவிட நல்ல சோதனை அட்டை எந்த நாட்டில் கிடைக்கும்? நடுவிலும் நான்கு மூலைகளிலும் செய்தித்தாள் துண்டுகளைக் குத்தினேன். கனமான டிரைபாட், கேமராவைக் கையால் தொடாமல் அழுத்தக் கேபிள் ரிலீஸ், படம் எடுக்கும்போது மேலே எழுந்து அடிக்கும் உள்கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தியபின் ஷட்டர். 2.4, 4, 5.6, 8, 11, 16 என்று துளையைப் படிப்படியாக மூடி ஆறு படம். நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைத்த அளவுகோலின் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து இரண்டு படம். கடைசி இரண்டு, அதே ஜமக்காளத்தை என் பழைய 165இல், சற்றுப் பின்னால் நகர்ந்து. வெள்ளிக்கிழமை ரோலைக் கூரியரில் வெளியூர் லேபுக்கு அனுப்பினேன். வண்ண பிலிமை நான் வீட்டில் கழுவுவதில்லை. அன்றே கடைக்கும் போன் செய்து, படம் வர நாளாகும் என்றேன். "அதற்கென்ன அம்மணி, நாங்கள் எங்கே ஓடிப் போகிறோம், நிதானமாகப் பாருங்கள்" என்றார். வாய்ச்சொல். எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்கவில்லை என்று இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன், எனக்காக.

வாங்கிய பன்னிரண்டாம் நாள் ஸ்கேன் வந்தது. 165இல் எடுத்த இரண்டிலும் மூலையில் இருந்த வரி விளம்பரம் வரை படிக்க முடிகிறது. 105இல் எடுத்ததில் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் எழுத்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் எண்ணெய் தடவியது போல இழுபட்டிருந்தது. எட்டுக்கு மூடினாலும், பதினொன்றுக்கு மூடினாலும் அதே கதை. சாய்த்து வைத்த அளவுகோலில் நான் ஃபோகஸ் செய்த கோடே கூர்மையாக விழுந்திருந்தது, ஆகவே ஃபோகஸ் திரையில் கோளாறு இல்லை. சுவருக்குக் கேமரா கோணலாக இருந்திருந்தாலோ, உள்ளே ஒரு கண்ணாடி ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலோ, ஒரு ஓரம் மட்டும் கெட்டு எதிர் ஓரம் தப்பித்திருக்கும். இங்கே நான்கு மூலையும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. லென்ஸுக்குள்ளேயே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

போன் செய்தேன். முதல் பதில்: "கேமரா கனம் அம்மணி, பெண்பிள்ளை கை, நடுங்கியிருக்கும்." டிரைபாட் என்றேன். "இந்தக் கேமராவின் உள்கண்ணாடி அடிக்கிற அடியில் டிரைபாடே ஆடும்." அதுவும் ஊரறிந்த உண்மைதான், ஆனால் உள்கண்ணாடியைத் தூக்கிவிட்டல்லவா எடுத்தேன்! தவிர 2.4இல் எடுத்த படம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம், அதில் என்ன ஆட்டம்? அடுத்த நாள், லேபில் ஸ்கேன் செய்தவன் மேல் பழி. அதே ரோலில் 165 எப்படித் தெளிவாக வந்தது என்றால் பதில் இல்லை. மூன்றாம் நாள், "ஏழு நாள் என்று எழுதித்தானே கொடுத்தோம்." நிதானமாகப் பாருங்கள் என்றீர்களே என்றேன். அப்படிச் சொன்ன நினைவே இல்லையாம்.

நான்காம் நாள் சொன்னதுதான் உச்சம். "நான்கு நாள் வெயிலில் வேகவைத்திருக்கிறீர்கள். உள்ளே ஒட்டு விட்டுப் போயிருக்கும். அது உங்கள் தவறு." வெயிலில் வைக்கச் சொன்னது யார்? அதன்பின் என் செய்திகளுக்கு நீல டிக் மட்டும். பஸ் ஏறி நேரில் போனேன். முதலாளி கல்யாணத்துக்குப் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான். முதலாளியின் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே போய்வந்து, "வேண்டுமானால் 15,000க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்றான். 46,500க்கு விற்றதை 15,000க்கு எடுத்து, அடுத்து வரும் இன்னொரு 'நம்ம பக்கத்துப் பொண்ணு'க்கு மறுபடி 46,500க்கு விற்பார்கள். கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஈரோட்டில் கடிகாரமும் கேமராவும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி முன்வளையத்தைப் பார்த்தார். "கழற்றும் சாவி வழுக்கிய கீறல் தெரிகிறதா கண்ணு?" தெரிந்தது. அப்புறம் என் கேமராவின் பின்கதவைத் திறந்தார். பிலிம் படியும் தண்டவாளத்தின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டினார். ஷட்டரை 'பல்ப்' என்ற, அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலையில் வைத்துத் திறந்து பிடித்தபடி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பேப்பரில் விழவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். நடுவில் எழுத்து, ஓரத்தில் கூழ். எண்ணி ஐந்து நிமிடம். பிலிம் இல்லை, கூரியர் இல்லை, பன்னிரண்டு நாள் இல்லை. அந்தக் கடையிலேயே இளநீர் குடித்த நேரத்தில் செய்திருக்கலாம்.

பிரித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: பூஞ்சையைத் துடைக்க யாரோ கழற்றி, ஒரு கண்ணாடியைத் தோசை போலத் திருப்பிப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒட்டு எதுவும் விடவில்லை, வெயில் ஒன்றும் செய்யவில்லை. "சரியாகத் திருப்பிப் போட முடியுமா ஐயா?" என்றேன். போடலாம், ஆனால் முரட்டுத்தனமாக எடுத்ததில் விளிம்பு சில்லு பெயர்ந்திருக்கிறது, இடைவெளி வளையத்தையும் அரத்தால் ராவியிருக்கிறார்கள், பழைய கூர்மை வராது என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். செய்த கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இது கழற்றிய கையின் வேலை, தெரிந்தே விற்ற வாயின் வேலை.

சோதிக்கும் முறையை விவரமாக எழுதுகிறேன் என்றேன். எழுத இப்போது பொறுமை இல்லை, தோன்றியதைச் சொல்கிறேன். டிரேசிங் பேப்பரும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். பின்கதவு திறக்காத, பிலிம் பெட்டி தனியாகக் கழலும் கேமராவாக இருந்தால் வேறு வழி தேட வேண்டும், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். டார்ச்சை இரண்டு பக்கமிருந்தும் அடியுங்கள், முன்வளையத்தில் கீறல் இருந்தால் யார் கழற்றியது என்று கேளுங்கள். பிலிமில் சோதிப்பதானால் கெடு முப்பது நாளாவது வேண்டும், எழுத்தில். வெயில், நிழல் என்று எதைச் சொன்னாலும் சோதனை முடிந்தபின் செய்யுங்கள். எஸ்டிமேட் தாளை ரசீது என்று வாங்காதீர்கள்.

நாளை காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கப் போகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆதாரம் என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். 46,500 என்று அவர் கையால் எழுதியது. கடைப் பெயர் அச்சடித்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். அதை இன்று மாலைதான் கவனித்தேன்.